மாத்திரையால் குமட்டலா? சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்

மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் புரட்டினால், பலரும் மறுநாளே அதை ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். அப்புறம் மருத்துவர் கேட்கும்போது ஒழுங்காகச் சாப்பிடுவதாகத் தலையாட்டுகிறார்கள். மருந்து கேட்கவில்லை போலிருக்கிறது என்று அவரும் அளவைக் கூட்டிவிடுவார். எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான் என்பேன். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம். பல வாரங்கள் எடுத்துவந்த ஸ்டீராய்டைச் சட்டென விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். குமட்டுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் அளவையோ வேளையையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு. நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மினைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினால் பலருக்குப் புரட்டல் அடங்கிவிடும்.

எல்லா மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்குவதும் சரியல்ல. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சாப்பாட்டோடு போக வேண்டும். தைராய்டு குறைபாட்டுக்கான தைராக்ஸின் வெறும் வயிற்றில். இரும்புச்சத்து மாத்திரை வெறும் வயிற்றில்தான் நன்றாகச் சேரும். ஆனால் குமட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டே போடுங்கள், அடியோடு விடுவதற்கு அது எவ்வளவோ மேல். கிருமித் தொற்றுக்குத் தரும் டாக்ஸிசைக்ளினை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். முழு டம்ளர் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காருங்கள்.

வாந்தி எடுத்த கையோடு இன்னொரு மாத்திரை போடுவது அடுத்த தவறு. முதல் மாத்திரை எவ்வளவு உள்ளே போனது என்று நமக்குத் தெரியாது. போட்டு எவ்வளவு நேரத்தில் வாந்தி வந்தது, மாத்திரை முழுதாக வெளியே வந்ததா என்று பார்த்துவைத்து, மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள். இதயத்துக்கான டிகாக்சின், மனநலத்துக்கான லித்தியம், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் இவற்றில் குமட்டலே, உடம்பில் மருந்து மிஞ்சிவிட்டதன் முதல் அடையாளமாக இருக்கலாம். லித்தியம் எடுப்பவர் வாந்தியால் நீர் வற்றினால் இரத்தத்தில் அதன் அளவு இன்னும் ஏறும். அந்த நேரத்தில் மறுபடி ஒன்று விழுங்குவது எவ்வளவு ஆபத்து என்று நினைத்துப் பாருங்கள்.

வாந்தியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடுவதும் வேண்டாம். மெட்டோகுளோப்ரமைடு இளவயதினர் சிலருக்குக் கழுத்தையும் தாடையையும் இழுத்துக்கொள்ளச் செய்யும். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு நடுக்கத்தையும் விறைப்பையும் கூட்டும். டாம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கலாம். ஆனால் புற்றுநோய்க்கான கீமோதெரபிக்கு மருத்துவரே எழுதித் தந்திருந்தால் கதை வேறு. அதை வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், சொன்ன வேளையில் முன்கூட்டியே போட வேண்டும். தொடங்கிவிட்ட வாந்தியை அடக்குவது மிகக் கடினம்.

காசநோய் மருந்து எடுப்பவருக்குக் குமட்டலோடு கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்துப் போனால் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். எந்த மருந்தானாலும் சரி, வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற கறுப்போ தெரிந்தாலும், தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் சிறுநீர் குறைந்துபோனாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.