காலை போனும் மழுங்கிய ஊசியும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் லைனில் 32 பேர். போன தீபாவளிக்கு முன்னால், தையல் ஓரத்தில் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்த பீஸ்கள் செக்கிங்கிலிருந்து கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. பனியன் துணியில் ஊசி முனை மழுங்கினால் இப்படித்தான் ஆகும். துணியின் பின்னல் கண்ணியை விலக்காமல் நூலையே அறுத்துவிடும். ஊசியை மாற்ற இரண்டு நிமிடம் போதும். ஏன் யாரும் சொல்லவில்லை?

துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் இருக்கும் மூத்த அக்காவிடம் கேட்டேன். "காலையிலயே தெரியுமுங்க தம்பி. நீங்க போன்ல கத்திட்டே உள்ள வந்தீங்க. எப்படிச் சொல்றது?"

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஷிப்மென்ட் நெருக்கடியை நான் முகத்தில் சுமந்துகொண்டு போக, 32 பேரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாளிலிருந்து காலை போனை கம்பெனி கேட்டுக்கு வெளியே, டீக்கடையிலேயே பேசி முடித்தேன். மூச்சு சீரான பிறகுதான் உள்ளே போவது. போனைப் பையில் போட்டுவிட்டு, லைனின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை ஒரு நடை. யார் தவறைச் சொன்னாலும் முதல் வார்த்தை, "நல்லவேளை சொன்னீங்க." அப்புறம்தான் மற்றது.

முதல் வாரம் இரண்டு முறை கத்திவிட்டேன். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அது கஷ்டமாக இருந்தது, ஆனால் அதுதான் அதிகம் உதவியது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வாரம் அந்த அக்கா மெஷினை நிறுத்திக் கையைத் தூக்கினார். "தம்பி, ஊசி போயிருச்சுங்க."