ஷிப்மெண்ட், பிள்ளைகள், ஐபிஎல்: முழு மேட்ச் பார்க்காமல் மேட்ச் பார்ப்பது எப்படி

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது வெளிநாட்டு ஆர்டரை ஆரம்பத்திலிருந்து அனுப்பி வைக்கும் வரை கவனிப்பது. பத்து வயதில் மகள், ஆறு வயதில் மகன், மாமியார், கிரிக்கெட் என்றாலே கொட்டாவி விடும் கணவர், இதுதான் வீடு. நான் சென்னை சூப்பர் கிங்ஸ் கட்சி. மார்ச் கடைசியில் தொடங்கி மே கடைசி வரை வீட்டையும் கெடுக்காமல், வேலையையும் கெடுக்காமல் எப்படி மேட்ச் பார்க்கிறாய் என்று கூட வேலை பார்க்கும் பெண்கள் கேட்பார்கள். முழு மேட்ச் பார்க்கிற ஆசையை விடுங்கள், மீதி தானாக வரும் என்பேன்.

ஒரு இருபது ஓவர் மேட்சை எங்கள் ஆர்டர் ஷீட் மாதிரி பிரித்துப் பாருங்கள். ஏழு மணிக்கு டாஸ். ஏழரைக்கு முதல் பந்து. அடித்து ஆடும் முதல் ஆறு ஓவர், அதாவது பவர்பிளே, எட்டு மணி வாக்கில் முடியும். ஏழாவது ஓவரிலிருந்து பதினைந்து வரை பெரும்பாலும் ஒன்று, இரண்டு ஓட்டம்தான். நடுவில் இரண்டரை நிமிட டைம் அவுட் இரண்டு. இந்த நேரம் சப்பாத்தி தேய்க்கலாம், யூனிஃபார்ம் அயர்ன் செய்யலாம், காது மட்டும் டிவியில் இருந்தால் போதும். ஒன்பதேகால் சுமாருக்கு முதல் பாதி முடியும். இரண்டாவது பாதியின் பவர்பிளே பிள்ளைகள் தூங்கப் போகும் நேரத்தில் வரும், அதை மறந்துவிடுங்கள். பத்தே முக்காலிலிருந்து பதினொன்றேகால் வரை வரும் கடைசி ஐந்து ஓவர், அதுதான் நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது. அந்த அரை மணி நேரம் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன். மற்றதெல்லாம் கிடைத்தால் லாபம்.

அட்டவணை வந்த அன்றே அடுப்படியில் தொங்கும் தினசரி காலண்டரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். லீக் சுற்றில் ஒரு அணிக்கு 14 மேட்ச். பதினாலையும் வட்டம் போட்டால் வீட்டில் யாரும் மதிக்க மாட்டார்கள். முதலில் ஷிப்மெண்ட் தேதிகள், அப்புறம் பிள்ளைகளின் முழு ஆண்டுப் பரீட்சை, அப்புறம் ஊர் மாரியம்மன் கோயில் நோம்பி, அப்புறம் சித்திரை வைகாசி முகூர்த்தங்கள், எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் பாருங்கள், ஐந்தாறு நாள் காலியாக நிற்கும். அந்த ஐந்தாறு மட்டும் சிவப்பு வட்டம். அந்த நாட்களில் மட்டும் இரண்டாவது பாதி முழுக்க எனக்கு. மற்ற நாளில் கடைசி ஐந்து ஓவரோடு சரி. சனிக்கிழமை மூன்றரை மணி மேட்சுக்கு வட்டமே போடாதீர்கள். திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பள நாள். சாயங்காலம் கடைவீதியில் வண்டியை நகர்த்தி வீடு வந்து சேர்வதற்குள் பரிசளிப்பு விழாவே முடிந்திருக்கும்.

இனி வேலை விஷயம். என்னைப்போல ஜெர்மனி பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுக்கும் கம்பெனிக்கு, வேலை செய்கிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். அதன் பிறகு நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். நமக்கு முதல் பந்து விழும் ஏழரை மணி, அவர்களுக்குச் சாயங்காலம் நாலு. வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் இருக்கிற கேள்வியை எல்லாம் மெயிலில் தட்டிவிடும் நேரம் அது. அதனால் மேட்ச் நாளில் நான் ஆறு மணிக்கே முந்திக்கொள்வேன். கட்டிங் எவ்வளவு, தையலில் எவ்வளவு, செக்கிங் முடிந்தது எவ்வளவு, சாம்பிள் கூரியர் போனதா என்று கேட்காமலே ஒரு மெயில். கேள்வி வந்தால் ஆறே முக்காலுக்குள் வந்துவிடும், டாஸுக்கு முன்னால் பதிலும் போய்விடும்.

இந்தப் புத்தி எனக்கு வந்த கதை கொஞ்சம் செலவுள்ளது. 2023 ஐபிஎல் ஃபைனல். மே 28 ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டியது, அகமதாபாத்தில் மழை பெய்து திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. திங்களன்றும் நம்ம தமிழ்நாட்டுப் பையன் சாய் சுதர்சன் குஜராத்துக்காக 47 பந்தில் 96 அடித்து வயிற்றில் புளியைக் கரைத்தான். சென்னை ஆட வந்து மூன்று பந்து முடிந்ததும் மறுபடி மழை. நள்ளிரவு தாண்டித்தான் ஆட்டம் திரும்பத் தொடங்கியது, 15 ஓவரில் 171 வேண்டும் என்று. பிள்ளைகள் இரண்டும் பள்ளி லீவுக்கு அமுச்சி (என் அம்மா) வீட்டுக்குப் போயிருந்ததால் டிவி சத்தம் முழு அளவில். பன்னிரண்டே முக்கால் வாக்கில் டையிங்கிலிருந்து, துணிக்குச் சாயம் போடும் இடத்திலிருந்து, வாட்ஸ்அப் வருகிறது: "மேடம், நேவிக்கு எந்த ஆப்ஷனுங்க? மெஷின் காலியா இருக்குது, போட்டுடலாங்களா?" நேவி நீலத்துக்கு லேப் டிப்பில், அதாவது சாய மாதிரித் துண்டுகளில், ஏ, பி, சி, டி என்று நாலு ஷேடு அனுப்பி, பையர் டி-யை ஓகே செய்திருந்தார். டைப் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. "டி ஓகே, போட்டுடுங்க" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டேன். பின்னால் ஸ்டேடியமே அலறிக்கொண்டிருக்கிறது. அவர் காதில் விழுந்தது "பி ஓகே".

கடைசி இரண்டு பந்தில் பத்து ஓட்டம் வேண்டும், ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். ஒன்றரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. நான் அழுதுவிட்டேன். காலையில் 220 கிலோ துணி பச்சை கலந்த நேவியில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்து இன்னொரு தடவை அழுதேன். அதைக் கறுப்பாக மாற்றி வேறு ஆர்டருக்குத் தள்ளிவிட்டு, இந்த ஆர்டருக்குப் புதிதாக நிட்டிங் ஓட்டி, டையிங் போட்டு எடுக்க எட்டு நாள் ஆனது. தப்பு முழுக்க என்னுடையதுதான், டையிங்காரர் மேல் பழி போட வழியில்லை. அன்றிலிருந்து டாஸ் போட்ட பிறகு எதற்கும் ஓகே சொல்வதில்லை. "காலை ஆறரைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று ஒரு வரியை முன்பே தட்டி வைத்திருக்கிறேன், அதைத்தான் அனுப்புவேன். வாய்ஸ் மெசேஜ் கிடையவே கிடையாது. போன் ஃபிரிட்ஜ் மேல் போய்விடும். ஸ்கோர் பார்க்கப் போனை எடுத்தால் மெயிலும் கண்ணில் படும், அதனால் டிவியில் தெரிவதோடு சரி.

சாப்பாட்டுக்கு நம்ம ஊரில் வழி இருக்கும்போது ஆர்டர் போட்டு ஏன் காசைக் கரைப்பது? மேட்ச் நாள் என்றால் அரிசிம்பருப்பு சாதம். வேலையிலிருந்து வந்ததும் இரண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பைக் கழுவி ஊறப் போட்டுவிட்டு முகம் கழுவப் போங்கள். குக்கரில் கடலெண்ணெய் ஊற்றி, கடுகு பொரிந்ததும் சீரகம், தட்டிய மிளகு, நாலு வரமிளகாய், ஒரு கை பூண்டு, இரண்டு கை சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இரண்டு தக்காளி, மஞ்சள்தூள். வெங்காயத்தை அரிந்து போடாதீர்கள், முழுசாகப் போட்டால்தான் அந்த இனிப்பு வரும். ஏழு டம்ளர் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, கொதி வந்ததும் அரிசியும் பருப்பும். டாஸ் போடும்போது மூடினால் முதல் பந்துக்குள் மூன்று விசில் வந்து அடங்கியிருக்கும். நெய், தயிர், அப்பளம், முடிந்தது. கழுவ ஒரு குக்கர், ஐந்து தட்டு. சின்ன வெங்காயம் உரிப்பதுதான் இதில் பெரிய வேலை. அதை ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தை, அதாவது மாமியார், சீரியல் பார்த்துக்கொண்டே மொத்தமாக உரித்து டப்பாவில் போட்டுவிடுவார். சிவப்பு வட்ட நாளில் மட்டும் தட்டுவடை செட், தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட் துருவல் வைத்தது, வாங்கி வருவேன். அதையும் டாஸுக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிட வேண்டும். பீட்ரூட் துருவல் சோபாவில் விழுந்தால் போகாது, எங்கள் சோபாவைப் பார்த்தால் தெரியும்.

பிள்ளைகளை டிவியிலிருந்து விரட்டிவிட்டு நாம் மட்டும் பார்ப்பது நடக்காது. நான் மகளுக்கு ஸ்கோர் எழுதும் வேலையைக் கொடுத்துவிட்டேன். ஆபீசில் தேவையில்லாத பேக்கிங் லிஸ்ட் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, பந்துக்குப் பந்து எழுதுவாள். 172 வேண்டும் என்றால் ஓவருக்கு எவ்வளவு என்று கேட்டால் இப்போது 8.6 என்று வாயிலேயே சொல்கிறாள். போன வருடம் வகுத்தலுக்கு அழுத பெண். சின்னவனுக்கு எட்டு மணி தாண்டினால் கண் சொக்கிவிடும், அவனைப் பற்றிக் கவலையில்லை. மகளுக்கு ஒன்பது மணி கெடு. வீட்டுப்பாடம் ஏழுக்குள் முடியவில்லை என்றால் அன்று பவர்பிளே எனக்கும் கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இந்த வலியைப் பார்த்தே அவள் சீக்கிரம் முடிக்கிறாள்.

கெடுவை நானே ஒரு தடவை உடைத்தேன். 2025 நவம்பர் 2, பெண்கள் உலகக் கோப்பை ஃபைனல், நவி மும்பையில். மழையால் தாமதமாகத் தொடங்கி, முடிய நள்ளிரவு ஆகிவிட்டது. மறுநாள் திங்கள், பள்ளி. ஷஃபாலி வர்மா 87 அடித்ததற்கே தூங்க அனுப்ப மனம் வரவில்லை. தீப்தி சர்மா ஐந்தாவது விக்கெட் எடுத்து, ஹர்மன்ப்ரீத் பின்னால் ஓடி அந்தக் கேட்சைப் பிடித்தபோது மகள் சோபா மேல் நின்றுகொண்டிருந்தாள். தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்தோம். காலையில் வேனை விட்டுவிட்டு நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். இதற்கெல்லாம் விதி பார்க்கக் கூடாது.

கணவர் விஷயம் பண்டமாற்று. அவருக்குக் கபடி. புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் அணி 2017-ல் வந்ததிலிருந்து ஒரு மேட்ச் விடுவதில்லை. என் மேட்ச் நாளில் பிள்ளைகளைத் தூங்க வைத்து, பாத்திரம் கழுவி, பால் உறை ஊற்றுவது அவர். அவர் மேட்ச் நாளில் நான். முதல் வருடம் ஒன்றுக்கு ஒன்று என்று பேசினோம். அவர் கணக்குப் போட்டார்: கபடி இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி, இடைவேளை சேர்த்தாலும் ஒரு மணி நேரம்; கிரிக்கெட் மூன்றரை மணிக்கு மேல். "ஒரு மேட்சுக்கு மூணு கபடி, அம்மிணி" என்றார். நியாயம்தான், ஒப்புக்கொண்டேன். பேசுகிறவர்கள் சீசன் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். டாஸ் போட்ட பிறகு பேசினால் விலை ஏறிவிடும்.

நல்ல தண்ணி விடும் நாளுக்கு மட்டும் எந்தத் திட்டமும் செல்லாது. எங்கள் வீதிக்கு ஐந்தாறு நாளுக்கு ஒரு தடவை, எந்த நேரம் வரும் என்று சொல்ல முடியாது. தோனி கிரீஸில் நின்றாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நேரில் பார்க்க ஆசையா? பிள்ளைகளோடு சேப்பாக்கம் என்றால் ராத்திரி ரயில், லாட்ஜ், இரண்டு நாள் லீவு. எங்களுக்குத் தோதாக இருப்பது டிஎன்பிஎல், தமிழ்நாடு பிரீமியர் லீக். கோவை எஸ்என்ஆர் கல்லூரி மைதானத்தில் நடக்கும்போது திருப்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். 2025-ல் திருப்பூர் தமிழன்ஸ் கோப்பையே ஜெயித்துவிட்டது, இனி போகாமல் இருக்க முடியாது. பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சாரலும் ஆனி, ஆடியில் ராத்திரி நேரத்தில் சும்மா விடாது. 2022 ஃபைனல் அதே மைதானத்தில் மழையில் நின்று, கோவை அணிக்கும் சேப்பாக்கம் அணிக்கும் கோப்பையைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள்.

ஒன்பது மணிக்குத் தூங்கப் போன மகளுக்கு முடிவு தெரியாதல்லவா. காலையில் ஆறே முக்காலுக்குத் தலை பின்னும்போது ஹைலைட்ஸ் போடுவேன். இரட்டைச் சடைக்கு எடுக்கும் நேரமும் ஹைலைட்ஸ் நேரமும் ஏறக்குறைய ஒன்று. அதுவரை வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பால்காரரிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் "சரிங்க" என்று சைகையில் பால் ஊற்றிவிட்டுப் போவார். அத்தையை மட்டும் நம்ப முடியாது. ஒரு நாள் வெறும் காபி டம்ளரை நீட்டும்போதே, "எந்திரி சாமி, தோத்துட்டானுங்க" என்று சொல்லிவிட்டார். இப்போது மேட்ச் முடிந்ததும் ரிசல்ட்டை அவரிடம் மாற்றிச் சொல்லிவிட்டுத்தான் படுக்கிறேன்.