வால்வு ஆம்பிளிஃபயரில் கைவைக்கும் முன்

பழைய வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) ரேடியோ ஒன்றை வாங்கி, அதிலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையும் வால்வுகளையும் வைத்தே ஆடியோ ஆம்பிளிஃபயர் கட்டும் ஆசை இப்போது மறுபடி தலைதூக்கியிருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் என்னிடம் ரிப்பேருக்கு வரும் சேசிஸ்களை (பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டம்) கவிழ்த்துப் பார்த்தால், எங்கள் வயசு ஆட்கள் ஒரு காலத்தில் செய்த அதே கோளாறுகள்தான் உள்ளே இருக்கின்றன. ஈயம் பிடிக்காத ஜாயின்ட், பின் எண்ணை இடம் வலம் மாற்றி எண்ணியது போன்றவற்றை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவை இருந்தால் ஆம்பிளிஃபயர் பாடாது, உடனே தெரிந்துவிடும். ஒரு மாசம் நன்றாகப் பாடிவிட்டு அப்புறம் பர்ஸைக் காலி செய்யும் தவறுகள்தான் ஆபத்தானவை.

ரெக்டிஃபயர் வால்வைப் பிடுங்கிவிட்டு டயோடு போடுவது

ஏசியை டிசியாக்குவதுதான் ரெக்டிஃபயர் வால்வின் வேலை. அதை எடுத்துவிட்டு டயோடு போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

கல்லூரிப் பையன் ஒருவன் ஒரு சேசிஸைத் துணியில் சுற்றி எடுத்து வந்தான். அவுட்புட்டுக்கு ஒற்றை ஈஎல்84 வால்வு, அதற்கு முன்னால் ஈசிசி83, ரெக்டிஃபயர் சாக்கெட் காலி. சாக்கெட்டுக்கு அடியில் இரண்டு 1என்4007 டயோடு. 47 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இருந்த இடத்தில் 220. "அப்கிரேட் பண்ணினேன் அண்ணே. சவுண்டு நல்லா ஏறிச்சு. அப்புறம் ஒருநாள் கருகின வாடை வந்துச்சு" என்றான். பவர் டிரான்ஸ்ஃபார்மரின் பக்கவாட்டில் மெழுகு உருகி வழிந்து சேசிஸில் உறைந்திருந்தது. கண்டன்சரின் தலை உப்பியிருந்தது. ஈஎல்84-இன் கண்ணாடிக்குள் ஆனோடு (கரண்ட் வந்து சேரும் தகடு) நடுவில் நிறம் மாறியிருந்தது. சவுண்டு ஏறியதாக அவன் சொன்னது உண்மைதான். வோல்டேஜ் ஏறினால் சவுண்டும் கொஞ்சம் ஏறத்தானே செய்யும்.

கணக்கைப் பாருங்கள். அந்த டிரான்ஸ்ஃபார்மர் 250-0-250, அதாவது நடு வயரிலிருந்து இரு பக்கமும் 250 வோல்ட் ஏசி. அந்தக் காலி சாக்கெட்டில் முன்பு இருந்த ஈஇசட்80 ரெக்டிஃபயர் வால்வுக்குள்ளேயே கணிசமான மின்தடை உண்டு. 90 மில்லியாம்பியர் இழுத்தால் ரெக்டிஃபயரை அடுத்த முதல் கண்டன்சரில் ஏறத்தாழ 265 வோல்ட் நிற்கும். செட்டை வடிவமைத்தவர் அந்த 265-ஐ வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருக்கிறார். சிலிக்கான் டயோடில் விழுவது ஒரு வோல்ட்டுக்குள்தான். ஆக, 250-ஐ 1.414-ஆல் பெருக்கினால் வரும் 353 வோல்ட் அப்படியே உச்சவரம்பு. லோடு ஏறியபின் 320 பக்கம் வந்து நிற்கும்.

ஈஎல்84-இன் ஆனோடு தாங்கும் வெப்பம் 12 வாட். 250 வோல்ட், 48 மில்லியாம்பியர் என்ற வழக்கமான அமைப்பிலேயே பெருக்கிப் பார்த்தால் சரியாக 12. அதாவது வால்வு ஏற்கெனவே எல்லைக்கோட்டில்தான் ஓடுகிறது. ஆனோடு 310-க்குப் போனால், கரண்ட் ஏறவே ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் 15 வாட்டை நெருங்கும். கரண்ட் ஏறாமலும் இருக்காது, ஸ்கிரீன் (ஆனோடுக்கு முன்னால் இருக்கும் கம்பி வலை) வோல்டேஜும் கூடவே ஏறியிருக்கிறதே! விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஆனோடு தகட்டில் மங்கலாகச் சிவப்பு தெரியும்.

இன்னொன்று, ஸ்விட்ச் போட்ட முதல் அரை நிமிஷம். வால்வு ரெக்டிஃபயர் சூடேறித்தான் வேலை தொடங்கும், அதற்குள் மற்ற வால்வுகளும் ஓரளவு விழித்திருக்கும். டயோடு காத்திருக்காது. எந்த வால்வும் கரண்ட் இழுக்காத நேரத்தில் முழு 353-உம் கண்டன்சர்மேல் ஏறி உட்காரும். ராத்திரி பத்து மணிக்குமேல் லைன் 230-இலிருந்து 245 ஆனால் அது 376. கடையில் 350 வோல்ட் கண்டன்சர் கொஞ்சம் விலை குறைவு. பையன் அதைத்தான் வாங்கியிருந்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் ஏன் உருகியது? கண்டன்சர் பெரிதாகவும் வழியில் தடை குறைவாகவும் இருந்தால், ஒவ்வொரு அலையின் உச்சியிலும் குறுகிய நேரத்துக்குள் பெரிய கரண்ட் பாயும். மீட்டரில் டிசி அளந்தால் அதே 90 மில்லியாம்பியர்தான் காட்டும். ஆனால் கம்பியைச் சூடாக்குவது அந்தப் பாய்ச்சலின் ஆர்எம்எஸ் அளவு (சூடாக்கும் திறனை வைத்துக் கணக்கிடும் சராசரி), அது எங்கேயோ போயிருக்கும். கடைசியில் வைண்டிங் கடைக்காரர் பழைய கம்பியைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணிப் புதிதாகச் சுற்ற வேண்டியதாயிற்று. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் காலத்து ஈஎல்84 ஒன்றும் போயே போய்விட்டது. புதிய வால்வு ஸ்லோவாக்கியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வருகிறது, காசு கொடுத்தால் கிடைக்கும். இந்தச் செலவில் நல்ல ரெக்டிஃபயர் வால்வு இரண்டு மூன்று வாங்கியிருக்கலாம்.

டயோடே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரெக்டிஃபயர் வால்வு செத்து, மாற்றும் கிடைக்காதபோது அதுதான் வழி. அப்படிப் போடும்போது, டயோடுகளுக்கும் முதல் கண்டன்சருக்கும் நடுவில் 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். 150 ஓமில் தொடங்கி, வால்வுகள் எல்லாம் சூடான பிறகு ஹெச்.டி. லைனை (வால்வுகளுக்குப் போகும் உயர் டிசி வோல்டேஜ்) அளந்து, பழைய 265 வரும்வரை மதிப்பைக் கூட்டுங்கள். கண்டன்சர் 450 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. முதல் கண்டன்சரை 47-லேயே விடுங்கள். ஈஇசட்80-இன் ஹீட்டர் (வால்வைச் சூடேற்றும் இழை) இழுத்த 0.6 ஆம்பியர் இப்போது இல்லை என்பதால் மற்ற ஹீட்டர்களின் வோல்டேஜும் சற்று ஏறும். 6.3 இருக்க வேண்டிய இடத்தில் 6.9-ஐத் தாண்டினால் அதற்கும் சின்ன ரெசிஸ்டர் வேண்டும்.

டயோடு தாங்கும் எதிர்வோல்டேஜையும் பாருங்கள். 1என்4007-க்கு அது 1000. 250-0-250-இல் அதன்மேல் விழுவது சுமார் 707, கவலையில்லை. 350-0-350 என்றால் 990 ஆகிவிடும், லைன் சற்று ஏறினாலே போச்சு. அங்கே ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டு டயோடு தொடராக.

வால்வு ரெக்டிஃபயருக்குப் பெரிய கண்டன்சர்

வால்வை வைத்துக்கொண்டே கண்டன்சரை மட்டும் பெருக்குபவர்களும் உண்டு. முதல் கண்டன்சருக்கு ஒவ்வொரு வால்வும் ஓர் எல்லை சொல்கிறது. ஈஇசட்80, ஈஇசட்81-க்கு 50 மைக்ரோஃபாரட், ஜிஇசட்34-க்கு 60, 5ஒய்3-க்கு அதைவிட வெகு குறைவு. மீறினால் ஸ்விட்ச் போடும்போது உள்ளே மின்னும். ஹம் (ஸ்பீக்கரில் வரும் இரைச்சல்) குறைய வேண்டுமானால் சோக் (டிசியில் மிஞ்சும் அலையைத் தடுக்கும் சுருள்) அல்லது ரெசிஸ்டருக்கு அப்பால் இருக்கும் இரண்டாவது கண்டன்சரைப் பெருக்குங்கள். அங்கே 100 போட்டாலும் ரெக்டிஃபயருக்குத் தெரியாது.

பழைய பேப்பர் கண்டன்சரை நம்புவது

முதல் நிலைக்கும் அவுட்புட் வால்வுக்கும் நடுவில் இருக்குமே, சிக்னலை விட்டு டிசியைத் தடுக்கும் அந்தக் கப்ளிங் கண்டன்சர். ரேடியோவோடு வந்தது என்று பாசத்தோடு வைத்திருப்பார்கள். அது கசிந்தால் அவுட்புட் வால்வின் கிரிடுக்கு (சிக்னல் நுழையும் கம்பி வலை) பாசிட்டிவ் வோல்டேஜ் போகும், வால்வு கரண்டைக் கட்டுமீறி இழுக்கும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி போய்விடும். அவுட்புட் வால்வைக் கழற்றிவிட்டு செட்டைப் போட்டு, அதன் கிரிடு பின்னில் டிசி அளந்து பாருங்கள். பூஜ்யம் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினாலும் வெட்டி எறிந்துவிட்டு, 400 அல்லது 630 வோல்ட் பாலியெஸ்டர் ஒன்று போடுங்கள். பத்து இருபது ரூபாய் சமாச்சாரம். வால்வு இல்லாதபோது ஹெச்.டி. ஏறும் என்பதால் அளந்தவுடன் அணைத்துவிட வேண்டும்.

புஷ்புல் டிரான்ஸ்ஃபார்மரை ஒற்றை வால்வுக்கு மாட்டுவது

புஷ்புல் என்பது இரண்டு வால்வு மாறி மாறி இழுக்கும் அமைப்பு. அதன் டிரான்ஸ்ஃபார்மர் ஒற்றை வால்விலும் பாடும். ஆனால் பேஸ் இருக்காது. ஒற்றை வால்வில் டிசி ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருப்பதால் கோர் காந்தம் ஏறித் திணறும். அதைத் தவிர்க்கத்தான் கோரில் இடைவெளி விடுவது. வைண்டிங் கடையில் புதிதாகச் செய்யச் சொன்னால், ஆங்கில ஈ (E) வடிவத் தகடுகள் எல்லாம் ஒரு பக்கம், ஐ (I) வடிவத் தகடுகள் எல்லாம் மறுபக்கம், நடுவில் பேப்பர் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு அடுக்குவதுபோல் மாற்றி மாற்றி அடுக்கிக் கொடுத்துவிடுவார். அவர் பழக்கம் அது.

ஹம் வந்தால் கண்ட இடத்தில் எர்த்

முதலில் காதைத் தீட்டுங்கள். வழவழவென்று ‘ம்ம்ம்’ என்றால் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ், ஹீட்டர் பக்கம் கோளாறு. கொரகொரவென்று முறுக்கிக்கொண்டு வந்தால் 100 ஹெர்ட்ஸ், பவர் சப்ளை பக்கம். இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு ஹீட்டர் வைண்டிங்கின் இரு முனையிலிருந்தும் 100 ஓம் ஒவ்வொன்று எர்த்துக்குக் கொடுத்து, வயர்களை முறுக்கி மூலையோடு ஓட்டினாலே பாதி போய்விடும். இரண்டாவதற்கு, ஹெச்.டி. வைண்டிங்கின் நடு வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். அது நேராக முதல் கண்டன்சரின் நெகட்டிவுக்குப் போக வேண்டும். சேசிஸில் ஏதோ ஒரு ஸ்குரூவில் கட்டியிருந்தால், கண்டன்சரை நிரப்பும் கரண்ட் முழுவதும் சேசிஸ் தகட்டின் வழியாக இன்புட் பக்கம் வரை உலா வரும். அப்புறம் எத்தனை கண்டன்சர் போட்டாலும் அந்தக் கொரகொரப்பு போகாது.

பிளக்கின் மூன்றாவது பின்னை (எர்த்) வெட்டி ஹம்மை நிறுத்துவது

வேண்டாம். சேசிஸ் உலோகம், உள்ளே 300 வோல்ட்.

பின் பொருந்துகிறதே என்று வால்வு மாற்றுவது

ரஷ்ய 6என்2பி, ஈசிசி83 சாக்கெட்டில் அழகாக உட்காரும். ஹீட்டர் இணைப்பு வேறு.

கிரிடு ரெசிஸ்டரைத் தூரத்தில் வைப்பது

ஈஎல்84 தானாக ஊளையிடத் துள்ளும் சாதி. கிரிடுக்குத் தொடராக ஒன்று முதல் ஐந்து கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டர், சாக்கெட் பின்னிலேயே.

ஃபீட்பேக் கொடுத்ததும் ஊளை

அவுட்புட்டில் கொஞ்சத்தை முன்நிலைக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் ஃபீட்பேக். கொடுத்ததும் ஊளையிட்டால், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி வயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் நேராக லைனில் மாட்டுவது

கைவைத்த சேசிஸை முதல் தடவை 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வைத்துத்தான் போட வேண்டும். ஸ்பீக்கர் அல்லது அதற்கு ஈடான ரெசிஸ்டர் அவுட்புட்டில் இருக்கட்டும். பல்பு பளிச்சென்று எரிந்து, அப்புறம் மங்கினால் சரி. மங்காமலே எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், அணைத்துவிட்டுத் தேடுங்கள். உள்ளே கைவிடுமுன் கண்டன்சரில் மிச்சம் எவ்வளவு என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள். 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஹெச்.டி.-க்குக் குறுக்கே நிரந்தரமாகப் போட்டிருந்தால் ஒன்றிரண்டு நிமிஷத்தில் அது தானாக வடிந்திருக்கும். எல்.ஈ.டி. பல்பு இந்தச் சோதனைக்கு உதவாது, குண்டு பல்புதான் வேண்டும்.