பிள்ளையின் ஆங்கிலக் கடிதத்தைத் திருத்தும்போது

சிவப்புப் பேனையை முதலில் தள்ளி வையுங்கள். முதல் வாசிப்பு, பிள்ளை என்ன சொல்ல வருகிறாள் என்று தெரிந்துகொள்ள மட்டும்தான். வெள்ளவத்தையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளை ஒருத்தி, ஏப்ரல் லீவுக்குக் கொழும்புக் கோட்டையில் ரயிலேறி யாழ்ப்பாணம் போய்வந்ததைச் சித்திக்குக் கடிதமாக எழுதிக் கொண்டுவந்தாள், ஒரு பக்கத்தில் 14 பிழை, ஆனால் உட்கார்ந்து பார்த்தால் எல்லாமே மூன்று வகைக்குள் அடங்கிவிட்டன. அதனால் பிழையை எண்ணாதீர்கள், வகை பிரியுங்கள்.

அதற்குப் பிழையான வரிக்கு அடியில் இருக்கும் தமிழைத் தேட வேண்டும். ‘வி ரீச்ட் டு ஜாஃப்னா’ என்று எழுதியிருந்தாள். ‘யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்’ என்பதில் உள்ள ‘க்கு’தான் அந்த ‘டு’. ‘ரீச்’ அதைக் கேட்காது, ‘வி ரீச்ட் ஜாஃப்னா’ போதும். ‘மை கிராண்ட்மதர் ஹவுஸ்’ என்பதும் அப்படித்தான், ‘அம்மம்மா வீடு’ என்று தமிழில் உருபில்லாமலே நிற்கும், ஆங்கிலத்தில் ‘கிராண்ட்மதர்ஸ்’ என்று அந்த ‘ஸ்’ வந்தே ஆக வேண்டும். இரண்டு மொழியையும் பக்கத்தில் எழுதிக் காட்டியதும் அடுத்த பிழையை அவளே பிடித்துவிட்டாள்.

பயணக் கடிதத்தில் நேரமெடுத்துச் சொல்ல வேண்டியது வினையின் காலத்தை. ‘லாஸ்ட் வீக் ஐ ஹேவ் கான் டு ஜாஃப்னா’ என்பது, ‘போன கிழமை போயிருந்தேன்’ என்று மனதில் ஓடியதால் வந்த வரி. போன கிழமை என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ வராது, ‘ஐ வென்ட்’தான். அப்புறம் ‘ஷீ ஹேஸ் கான் டு ஜாஃப்னா’ என்றால் போனவள் இன்னும் திரும்பவில்லை என்று அர்த்தம். எப்போது என்று சொல்லாமல், போய்வந்திருக்கிறாள் என்று மட்டும் சொல்ல ‘ஹேஸ் பீன் டு’.

‘ஏ’, ‘த’ விடுபட்ட இடங்களில் சின்னக் குறி போட்டால் சரி, ஒரே நாளில் எல்லாம் விளங்காது.

ஆனால் பிழையில்லாத வரியில் கைவைக்கவே வேண்டாம். உப்பளம் இருக்கும் ஆனையிறவைப் பற்றி ‘த சால்ட் லுக்ட் லைக் ஷுகர்’ என்று எழுதியிருந்தாள். அதை அழகாக்கப் போனால் அது நம்முடைய கடிதமாகிவிடும், நான் பக்கத்தில் ஒரு சரி மட்டும் போட்டேன்.

கடைசியில் புதுத் தாளில் பிள்ளையே எழுதி, வாய்விட்டு வாசிக்கட்டும். நாக்கு தடுக்கும் இடத்தைத் திரும்பப் பாருங்கள்.