கலப்பிரிவில் பிள்ளைகள் வழுக்கும் இடங்கள்

கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். கலப்பிரிவு, அதாவது ஒரு கலம் பிரிந்து புதுக் கலங்களாவது பற்றிய வினா என்றால், சிவப்புப் பேனை எந்த வரியில் இறங்கும் என்று தாளைத் திறக்க முன்னமே தெரியும்.

"தாவரக் கலத்தில் புன்மையத்தி இல்லை, ஆகவே கதிரும் இல்லை." புன்மையத்தி என்பது விலங்குக் கலத்தில் கதிரின் முனைகளில் இருக்கும் நுண்ணுறுப்பு, கதிர் என்பது பிரிவின்போது உருவாகும் இழைக்கட்டு. முதற்பாதி பூக்கும் தாவரங்களுக்குச் சரி. மற்றப் பாதி பிழை. கதிர் இல்லாவிட்டால், டி.என்.ஏ.யைச் சுமக்கும் நிறமூர்த்தங்களை இரண்டு முனைக்கும் கொண்டுபோவது எது? புன்மையத்தி இல்லாமலே நுண்புன்குழாய்கள் என்ற மெல்லிய புரதக் குழாய்கள் சேர்ந்து கதிரைக் கட்டிக்கொள்கின்றன.

அதைவிட அதிகம் பிழைவிடுவது குழியவுருப் பிரிவில், அதாவது கலத்தின் உடல் இரண்டாகும் கட்டத்தில். தாவரத்துக்குத் தட்டு, விலங்குக்குப் பிளவு என்ற சொற்கள் பாடம். படம் கீறச் சொன்னால் வெங்காயக் கலத்தின் இடுப்பையும் நெரித்துவிடுவார்கள். ரொட்டிக்குக் குழைத்த மா உருண்டையைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி இறுக்கிப் பாருங்கள். விலங்குக் கலத்தில் நடப்பது ஏறக்குறைய அதுதான். நூலின் வேலையைச் செய்வது அக்ரின், மயோசின் வளையம். நமது தசையைச் சுருக்கும் அதே புரதங்கள். தாவரக் கலத்தை இப்படி நெரிக்க ஏலாது, வெளியே சுவர் விறைத்து நிற்கிறது. அதனால் கலத்துள் பொருட்களைப் பொதிசெய்யும் கொல்கி என்ற உறுப்பிலிருந்து வரும் சிறு பைகள் நடுவில் கூடி, ஒன்றோடொன்று இணைந்து கலத்தட்டாகின்றன. மேசன் அறையை மறித்துச் சுவர் எழுப்பினால் ஒரு பக்கச் சுவரில் பிடித்துத் தொடங்குவார். கலத்தட்டோ நட்டநடுவில் தொடங்கி, விரிந்து போய்ச் சுவரைத் தொடுகிறது. அந்தப் பைகளின் சவ்வே இரண்டு புதுக் கலங்களுக்கும் மென்சவ்வாகிறது. உள்ளே இருந்த சரக்கு சுவராகிறது.

இடையவத்தையை, அதாவது இரண்டு பிரிவுகளுக்கு இடைப்பட்ட காலத்தை, "ஓய்வு" என்று எழுதுவது இன்னும் நிற்கவில்லை. டி.என்.ஏ. இரட்டிப்பதே அப்போதுதான். காலபோகத்துக்கு உழுது வரம்பு கட்டுகிற நாட்களை ஓய்வு என்று சொல்லிப் பாருங்கள், வயல்காரர் சண்டைக்கு வருவார்.

நிறமூர்த்த எண்ணிக்கையில் ஒரு குறுக்குவழி உண்டு: இரட்டித்த பிரதிகள் ஒட்டியிருக்கும் இடமான மையப்பாத்துகளை எண்ணுங்கள். வெங்காயத்தில் 16 நிறமூர்த்தங்கள். அவை நடுவில் வரிசையாகும் அனுவவத்தையிலும் 16தான், அந்தப் பிரதிகளான அரைநிறவுருக்கள்தான் 32. முனைகளுக்கு இழுபடும் மேன்முகவவத்தையில் அரைநிறவுருக்கள் பிரிந்ததும் ஒவ்வொன்றும் தனி நிறமூர்த்தம். அந்தக் கணத்தில் 32. இங்கே 16 என்று எழுதிப் புள்ளியை விடுகிறவர்களே அதிகம்.

நிறமூர்த்த எண்ணிக்கையைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவு என்றதும் புணரி, அதாவது இனப்பெருக்கக் கலம் என்று எழுதுவது மனிதனுக்குச் சரி. தாவரத்தில் அது தருவது வித்திகளை, பிரிந்து வளரும் தனிக் கலங்களை. மகரந்தமணிக்குள் ஆண் புணரிகள் பிறகு, எண்ணிக்கையை மாற்றாத இழையுருப்பிரிவால்தான் உருவாகின்றன.

அப்புறம் செய்முறை. சின்ன வெங்காயத்தின் அடி தண்ணீரைத் தொடும்படி ஒரு கிளாசின் வாயில் வைத்தால் சில நாளில் வேர் வரும். பிள்ளைகள் நீட்டுக்கு வெட்டி, மேல்பக்கத்துத் துண்டை நசிக்கிறார்கள். அங்கே நீண்டு வளர்ந்த கலங்கள்தான், பிரிவு கிடையாது. நுனியில் 2 அல்லது 3 மில்லிமீற்றர் போதும். ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தில் இளக்கி, அசற்றோகாமைன் சாயம் இட்டு, மூடித்துண்டை வழுக்கவிடாமல் பெருவிரலால் நேரே அழுத்துங்கள்.

நுணுக்குக்காட்டியில் முதலில் கண் வைக்கிற பிள்ளை எப்போதும் சொல்வது, "ஒண்டும் தெரியேல்ல சேர், எல்லாம் வெறும் உருண்டையாக் கிடக்கு." அந்த உருண்டைகள்தான் இடையவத்தைக் கருக்கள். கண்ணாடி வழுக்கியைக் கொஞ்சம் நகர்த்தினால் நூல் நூலாகத் தெரிகிற கலமும் அகப்படும்.