அலுவலக மின்னஞ்சலில் 'கிரெடிட்' வந்தால் எப்படிப் படிப்பது?

கிரெடிட் என்றதும் 'கடன்' என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடாதீர்கள். வணிக ஆங்கிலத்தில் பணம் வந்து சேர்ந்ததற்கும் அதே சொல், இனிமேல்தான் தர வேண்டும் என்பதற்கும் அதே சொல். அக்கம்பக்கத்துச் சொற்களைப் பார்த்தால்தான் பிடிபடும்.

படி 1: முன்னால் இருக்கும் சின்னச் சொல்லைப் பாருங்கள். 'ஆன் கிரெடிட்' என்றால் கடனுக்கு வாங்கியது. 'இன் கிரெடிட்' என்றால் கணக்கில் நம் பணம் மிச்சம் இருக்கிறது. 'யுவர் அக்கவுண்ட் இஸ் இன் கிரெடிட்' என்று வந்தால் பாக்கி கட்ட ஓட வேண்டாம்.

படி 2: யாருடைய கணக்கு என்று கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். உங்கள் நிறுவனக் கணக்கில் 10,000 வரவு வைக்கப்படுகிறது. வங்கி அனுப்பும் அறிக்கையில் அது கிரெடிட். உங்கள் பேரேட்டில் (லெட்ஜரில்), வங்கிக் கணக்கின் கீழ், அதே தொகை டெபிட். இரண்டுமே சரி. நீங்கள் போட்ட பணம், வங்கியைப் பொறுத்தவரை, உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு. உங்களுக்கோ அது சொத்து. பொறுப்பு கூடினால் கிரெடிட், சொத்து கூடினால் டெபிட். இது மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

படி 3: பின்னால் வரும் சொல்லோடு சேர்த்துப் படியுங்கள். 'கிரெடிட் டெர்ம்ஸ்: நெட் 30' என்றால் பொதுவாக விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) தேதியிலிருந்து 30 நாளுக்குள் முழுத் தொகையும் கட்ட வேண்டும். '2/10 நெட் 30' என்றால் 10 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி. 'லெட்டர் ஆஃப் கிரெடிட்' ஏற்றுமதி இறக்குமதியில் வருவது. ஆவணங்கள் நிபந்தனைப்படி இருந்தால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி. இதற்கென்று 2007-ல் நடைமுறைக்கு வந்த யூசிபி 600 என்ற சர்வதேச விதிகளின்படி வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டுமே, சரக்கை அல்ல.

படி 4: இனி நீங்களே எழுதுங்கள். தொகையை முதலில் சொன்னால் 'டு': 'வீ ஹேவ் கிரெடிட்டட் 500 டு யுவர் அக்கவுண்ட்'. கணக்கை முதலில் சொன்னால் 'வித்': 'வீ ஹேவ் கிரெடிட்டட் யுவர் அக்கவுண்ட் வித் 500'.

தானியங்கி மொழிபெயர்ப்பை இதற்கு நான் நம்புவதில்லை. கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் வணிக ஆங்கிலத்துக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு அங்கே பாருங்கள். அப்புறம், தனிச் சொல்லாக இல்லாமல் முழு வாக்கியமாகக் குறித்து வையுங்கள்.

பின்சேர்க்கை: 'கிரெடிட் நோட் வந்துவிட்டது, பணம் எப்போது வரும்?' என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கிரெடிட் நோட் வந்ததாலேயே பணம் கைக்கு வராது. சரக்கைத் திருப்பி அனுப்பினாலோ விலையைக் கூட்டிப் போட்டிருந்தாலோ, நீங்கள் தர வேண்டிய தொகையை விற்பவர் அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். பணமாகவே வேண்டுமென்றால் 'ரீஃபண்ட்' என்று தெளிவாகக் கேளுங்கள். அடுத்த பட்டியலில் கழித்தால் போதும் என்றால் 'ப்ளீஸ் அப்ளை த கிரெடிட் டு அவர் நெக்ஸ்ட் இன்வாய்ஸ்' என்று எழுதி, கிரெடிட் நோட்டின் எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.