ஊழியப் பயணத்தில் விமானம் தாமதமானால்: குழுக்கள் செய்யும் தவறுகள்

பலகையில் ‘தாமதம்’ என்று விழுந்ததும், சபை ஊழியத்துக்காகக் கிளம்பிய குழுவில் இருக்கும் பன்னிரண்டு பேரும் கவுன்டருக்கு ஓடுவார்கள். ஆளுக்கொரு பதில் கிடைக்கும். கடைசியில் நாலு பேர் ஒரு விமானத்தில், எட்டுப் பேர் மறுநாள். அழைப்புக் கடிதம் ஒரு பக்கம், மருந்துப் பெட்டி இன்னொரு பக்கம். ஒருவர் வரிசையில் நிற்கட்டும், ஒருவர் போனில் கஸ்டமர் கேரைப் பிடிக்கட்டும், அது போதும். வேத வசனம் அச்சடித்த டி-ஷர்ட்டோடு விமான நிறுவன ஊழியரிடம் கத்துவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய தவறு டிக்கெட் போடும் அன்றே நடந்துவிடுகிறது. காணிக்கைப் பணம், மிச்சம் பிடிப்போம் என்று இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுப்பார்கள். இரண்டும் ஒரே பிஎன்ஆர் (முன்பதிவு) எண்ணில் இருந்தால், இணைப்பு விமானம் தவறினாலும் வேறொன்றில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி என்றால், முதல் விமானம் தாமதமானது இரண்டாவது நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத சங்கதி. உங்களை ‘வராத பயணி’ என்று எழுதிவிடும். இன்னொன்று: ஒரே பிஎன்ஆரில் இருக்கும்போது, முதல் விமானத்தை விட்டுவிட்டு, சாலை வழியே போய் அடுத்ததைப் பிடிக்கலாம் என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். பெரும்பாலும் மீதி டிக்கெட் முழுக்க ரத்தாகிவிடும், திரும்பி வருவதும் சேர்த்து.

தினசரி மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வரவில்லையென்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதுங்கள். 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, தாமதமாக வந்த பெட்டிக்கு இழப்பீடு கேட்க, அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள்தான் அவகாசம்.

தாமதம் என்றதும் யாராவது ஒருவர் பவுல் கப்பல் உடைந்து மெலித்தா தீவில் மூன்று மாதம் தங்கியதை நினைவூட்டுவார். ஆறுதல்தான். ஆனால் அதற்கு முந்தைய அதிகாரத்தையும் (அப்போஸ்தலர் நடபடிகள் 27) வாசிக்க வேண்டும்: இந்தப் பருவத்தில் கிளம்பினால் ஆபத்து என்று பவுல் முன்பே சொன்னார், நூற்றுக்கு அதிபதியோ மாலுமியை நம்பினான். இறங்கிய அன்று மாலையே முதல் கூட்டம் என்று திட்டம் போடும் தலைவர்களும் அந்தக் கப்பலில்தான் இருக்கிறார்கள். நடுவில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள்.

வரவேற்கும் சபைக்கு ‘தாமதம், ஜெபியுங்கள்’ என்று மட்டும் அனுப்பினால், அவர்கள் சோறு வடித்து வைத்துக்கொண்டு நள்ளிரவுவரை காத்திருப்பார்கள். இப்படி எழுதுங்கள்: “இன்றிரவு வரவில்லை. நாளை பகல் 11 மணிக்கு இறங்குகிறோம். வேன் டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். காலைக் கூட்டத்தை எங்களுக்காக நிறுத்தி வைக்காதீர்கள்.”